இரண்டு மில்லிமீட்டர்

தேர்தல் முடிந்து மிஞ்சிய மையில்
பச்சை மூன்று டின், நீலம் அரை டின்;
சிவப்பு அடியில் தோல்கட்டிக் கிடந்தது.
கல்முனை அச்சகத்தில் இரவு எட்டுக்குப் பிறகு
அதெல்லாம் ஜெஸீமாவுக்கு.

அவள் அச்சடிப்பது ஒரு டின்மீன்.
ஒரே டின், நாற்பது தாள்.
பச்சை மீன், ஊதா மீன்,
வேட்பாளரின் கன்னத்துக்குக் கலந்த நிறத்தில் ஒரு மீன்.

"மெய்யா மீன் என்ன கலர்கா?"
"நிவாரணத்தில வந்த கலர்" என்றாள்.
கடல் இருநூறு யார் தள்ளி இரைந்துகொண்டிருக்க
டின்மீன் மட்டும் தின்ற மாதங்கள்
எனக்கும் உண்டு. மேற்கொண்டு கேட்கவில்லை.

நிறம் முதலில், தட்டையாக, நிழலில்லாமல்.
கறுப்புக் கோடு கடைசியில் வந்துதான்
இது வால், இது மூடி என்று சொல்லும்.
ஏழாவது தாளில் சட்டம் அசைந்துவிட்டது.
கோடு இரண்டு மில்லிமீட்டர் விலகி
மீனுக்கும் மீனின் விளிம்புக்கும் நடுவே
தாளின் வெள்ளை.

நான் துணியெடுத்தேன்.
"விடுகா. இப்பதான் சரி."
மறுகா வேண்டுமென்றே தள்ளினாள்,
தாளுக்குத் தாள் இன்னும் கொஞ்சம்.
முப்பதில் மீன் ஒரு பக்கம், டின்னின் பெயர் ஒரு பக்கம்.
நாற்பதில் தாளில் கோடே இல்லை;
பச்சை மட்டும், எதற்கும் சொந்தமில்லாமல்.

கோடு மேசையில் விழுந்து காய்ந்தது.
தின்னர் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.
கலியாணக் கார்ட் மடிக்கும்போது
அதற்குள் தேத்தண்ணிக் கோப்பையை வைக்கிறேன்.
கோப்பை சின்னது.
வால் பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது.