பராமரிப்பு மின்தடை

பள்ளிப்பட்டுக்கு வடக்கே எங்கள் ஊரில்
மாதத்தில் ஒரு நாள்
காலை ஒன்பதிலிருந்து இரண்டு வரை கரண்ட் இல்லை.
அன்றுதான் என் ஸ்டுடியோ வேலை செய்யும்.
மற்ற நாளெல்லாம் தெருவில் நாற்பத்தாறு விசைத்தறி.
சுவர் வழியே, தரை வழியே,
குடத்துத் தண்ணீரில் வட்டம் வட்டமாகத்
தறி ஓடும்.

ஸ்டுடியோ என்றால் பெரிதாக ஒன்றுமில்லை,
வாடகைக்கு எடுத்த லுங்கி குடோன், பத்துக்குப் பன்னிரண்டு.
காலியாக இருந்தபோது நடுவில் நின்று கைதட்டிப் பார்த்தேன்.
தட்டு முடிந்தும் முடியவில்லை:
எதிரெதிர்ச் சுவர்கள் மாற்றி மாற்றித் தள்ளிவிட்டன,
பழியைத் தள்ளிவிடும் பங்காளிகள் மாதிரி.
சொந்தக்காரர் விற்காமல் வைத்திருந்த பொதிகளை
மூலைக்கு மூன்றாக அடுக்கினேன்.
மூலையில்தான் தடித்த ஒலி போய் உட்காரும்.
மறுபடி தட்டினேன்.
தட்டு. அவ்வளவுதான்.

ஒன்பது பத்துக்கு எத்திராஜுலு வந்தார்.
ஆட்டோவில் கட்டி ஓட்ட ஒரு அறிவிப்பு,
இந்தப் பக்கம் தமிழ், நகரி ரோட்டில் தெலுங்கு:
"பருத்தி லுங்கி, பக்கா கலர், சரியான விலை!"
முப்பது வருஷம் தறியில் நின்றவர்.
வணக்கம் சொன்னதற்கே மீட்டர் சிவந்தது.
சிவந்தால் அந்த அலையின் தலை போனது போனதுதான்,
பிறகு ஒட்டவைக்க முடியாது.
மெதுவா பேசுங்க என்றேன்.
"மெதுவாத்தானே பேசறேன்!" என்று கத்தினார்.

மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி உட்காரவைத்தேன்.
விரற்கடை அளவுக்கு நெருங்கினால் குரல் கொழுக்கும்,
இரண்டு முழம் விலகினால் அறையும் உள்ளே வந்துவிடும்.
உள்ளங்கையை வாய்க்கு நேரே பிடித்து
'பருத்தி' சொல்லச் சொன்னேன்.
"அட, காத்து அடிக்குது!"
அந்தக் காற்றுதான் மைக்கில் வெடிக்கிறது என்று சொல்லி
மைக்கைக் கன்னத்துப் பக்கம் கொஞ்சம் திருப்பினேன்.

ஏழாவது டேக்.
ஹெட்போனை அவர் காதில் மாட்டினேன்.
"இது நான் இல்லம்மா. என் குரல் இன்னும் கனம்."
உங்க குரல் உங்களுக்கு எலும்பு வழியாவும் வருது,
ஊருக்குக் காத்து வழி மட்டும்தான்.
"அப்ப சரஸம்மா இத்தனை நாளா கேட்டது இவனையா?"
கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.
பிறகு:
"'அரியான வெல'ன்னு சொல்லியிருக்கேனே, திருப்பி எடு."

திரையில் அந்த இடத்தில்
கோரைப்புல் மாதிரி நெருக்கமாகக் கோடுகள்.
ச இருந்தது.
எடுத்தோம். மறுபடி அரியான விலை.
மறுபடியும்.
நான்காயிரத்துக்கு மேலே உள்ளதை மட்டும்
என் பல் கூசுகிற வரை ஏற்றி,
பழைய ஏழாவதையே புதிது என்று போட்டேன்.
"இப்ப சரி" என்றார்.
அவர் தண்ணீர் குடிக்கத் திரும்பியபோது
ஏற்றியதை இறக்கிவைத்தேன், ஊருக்காக.

கிளம்பும்முன் அரை நிமிடம் பேசாமல் இருக்கவேண்டும்.
வெட்டி ஒட்டிய இடங்களில் பூச
அறையின் மௌனமும் தேவை.
இருந்தோம். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போது ஹெட்போனில் எனக்கு மட்டும்:
ஓடைக்கு அந்தக் கரை ஆந்திரா,
அங்கே கரண்ட் இருக்கிறது.
மெல்லிய சத்தங்கள் வழியிலேயே உதிர்ந்து
தறிகளின் அடித்தொண்டை மட்டும்
கதவு தாண்டி, பொதி தாண்டி.

நூற்றிருபதுக்குக் கீழே வெட்டினால் அந்த மாநிலம் போய்விடும்.
கூடவே எத்திராஜுலுவின் நெஞ்சும் போகும்.
வெட்டவில்லை.
ஆட்டோவின் கூம்பு ஸ்பீக்கரில் எப்படியும் கேட்காது.

இரண்டு மணி என்றார்கள்.
ஒன்று நாற்பதுக்கே கரண்ட் வந்துவிட்டது.