மூன்றாம் நம்பர் மிஷின்

அம்பாசமுத்திரம், சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிர்த்த வரிசை.
ஒரு ஜூஸ் கடை, ஒரு முத்திரைத்தாள் கடை,
நடுவில் ஜெபக்கனி ஜாப் டைப்பிங்.
நான்தான் ஜெபக்கனி.
மூன்று கம்ப்யூட்டர், இரண்டு ஃபேன். ஒன்று சுற்றும்.

ஆவணி முகூர்த்த நாளில், கடை நிறைய ஆள் இருக்கையில்
மூன்றாம் நம்பர் மிஷின் திரை கறுத்து,
‘உங்களிடம் இருப்பது ஒரிஜினல் அல்ல’ என்றது.
ஊருக்கே தெரிந்த சங்கதிதான். ஆனாலும்
கஸ்டமர் முன்னால் சொல்லியிருக்க வேண்டாம்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து இசக்கிதுரை வந்தான்.
‘யக்கா, லினக்ஸ் போட்ருவோம்.
காசு கிடையாது, வைரஸ் தொல்லை கிடையாது.’
‘பிரிண்டர் ஓடுமா?’
அவன் நிமிர்ந்து ஃபேனைப் பார்த்தான்.
சுற்றாத ஃபேனை.

போட்டான். டீ ஆறுவதற்குள்
காய்ச்சல் விட்ட பிள்ளை போல
எழுந்து உட்கார்ந்துவிட்டது
பதினோரு வருஷத்து மிஷின்.

மறுநாள் ஒரு கிரயப் பத்திரத்தைத் திறக்கிறேன்,
பழைய ஃபாண்டில் அடித்தது.
நான்கு மாலிலும் அரைப்புள்ளி முளைத்துக் கிடக்கிறது.
வடக்கே வாய்க்கால் இருந்த இடத்தில்
ஒரு டாலர் குறி.
விற்றவர் பெயரில் ஒரு அடைப்புக்குறி திறந்தது
மூடவே இல்லை.
இரண்டாம் நம்பரிலிருந்து ஃபாண்டைப் பிடுங்கி
இதில் நட்டான் இசக்கிதுரை.
வாய்க்கால் திரும்ப ஓடியது.

ஆடிட்டர் ஆவுடையப்பன் டோக்கனைச் சொருகினார்,
டிஜிட்டல் கையெழுத்துக்கு.
மிஷினுக்கு அவரை யாரென்றே தெரியவில்லை.
‘டிரைவர் இல்ல சார்’ என்றேன்.
‘நானே ஓட்டிட்டுதாம்மா வந்தேன்’ என்று
வாசலில் நின்ற காரைக் காட்டினார்.
அவரை ஒன்றாம் நம்பருக்கு மாற்றி உட்காரவைத்தேன்.
அது மட்டும் இன்னமும் விண்டோஸ்.
பில் இருக்கிறது, கேட்டால் காட்டுவேன்.

புரட்டாசியில் பொட்டல்புதூர் சைத்தூன் பீவி வந்தாள்,
பீடிக் கம்பெனி பி.எஃப். பணம் கேட்டு.
மூன்று தடவை திரும்பிய மனு.
ஒரு இடத்தில் ஜைத்தூன், ஒரு இடத்தில் சைதூன்,
வங்கிப் புத்தகத்தில் சைத்தான் என்றே
யாரோ அடித்து வைத்திருக்கிறான்.
‘எம் பேர நானே அடிக்கட்டுமா தங்கச்சி?’
மூன்றாம் நம்பர்தான் காலியாக இருந்தது.
மவுஸைத் தொட்டதில்லை, கீபோர்டைத் தொட்டதில்லை.
விண்டோஸ் தெரியாததால் அவளுக்கு
லினக்ஸ் எந்த விதத்திலும் புதிதில்லை.
இலை வெட்டுகிற விரல்,
எழுத்து எழுத்தாகத் தேடி எட்டு நிமிஷம்.
நிமிர்ந்தாள். ‘இப்ப எங்க அமுக்கணும்?’
பிரிண்ட்டைக் காட்டிவிட்டேன், கை தவறி.
பிரிண்டர் அசையவில்லை.
மனுவும் அன்று போகவில்லை. அதற்கு வேறு காரணம்:
ஓ.டி.பி. போனது தம்மாமில் மகன் போனுக்கு,
அவனுக்கு நைட் ஷிஃப்ட், தூக்கம்.

இப்படியே மூன்று வாரம்.
மூன்றாம் நம்பரில் அடித்ததை
பென் டிரைவில் ஏற்றி
நாலடி நடந்து ஒன்றாம் நம்பரில் இறக்கினேன்.
முத்திரைத்தாள் கடை சண்முகவடிவு கேட்டாள்:
‘அந்த லினக்ஸு எப்படிக்கா, எங்க கடைக்கும் போடலாமா?’
டைப் அடிக்க, மெயில் பார்க்க, பட்டா எடுக்க, நல்லாத்தான் இருக்கு.
மத்ததுக்கு எங்கிட்ட வா.
அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஐப்பசி முதல் மழையில் கரண்ட் போனது.
வந்தது. யாரும் எதையும் தொடவில்லை.
பிரிண்டர் தொண்டையைக் கனைத்தது.
சோதனை. சோதனை. சோதனை இரண்டு.
இசக்கிதுரை சோதனை.
ஏலே வாலே.
கடைசித் தடவை.
கடைசித் தடவை இரண்டு.
இருபத்தாறு தாள், தரையெல்லாம்.
இருபத்தேழாவதில், நடுவில் தனியாக
சைத்தூன் பீவி.
ஒற்று விழாமல், கால் விடுபடாமல்.

இசக்கிதுரைக்குப் போன் போட்டேன்.
‘எப்படிலே ஓடுச்சு?’
‘தெரியலயேக்கா’ என்றான்.

இருபத்தாறையும் பின்பக்கம் எழுதலாமென்று
ரஃப் கட்டில் சேர்த்தேன்.
மற்றதை டிராயரில் வைத்தேன்.
திங்கட்கிழமை வருவாள்.