இரண்டு புள்ளி எட்டு

டிசம்பர். மதியம் மூன்றுக்கே
கயானி கடைவீதியில் விளக்கு எரிந்தது.
தபால் பை இறங்கிய பிறகும்
ஒரு பக்கம் சாய்ந்தே கிடக்கும் தோளோடு
தைஸ்டோவின் பழைய கேமராக் கடைக்குள் போனேன்.
பூட்ஸில் ஒட்டிய பனி அவன் கம்பளத்தில் கரைந்தது.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.

வேகமான லென்ஸ் வேண்டும் என்றேன்.
வேகம் என்றால் இங்கே ஓட்டமில்லை,
வாயின் அகலம்.
மிச்சமிருக்கும் வெளிச்சத்தை
ஒரே மடக்கில் குடிப்பது எதுவோ
அதுவே வேகம்.
எங்கள் ஊர் மதுக்கடையிலும் இதே கணக்குதான்.

மேசைமேல் மூன்றை வைத்தான்.

நானூறு: தூக்கினால் பிறந்த குழந்தை கனம்,
கேட்டால் யானை விலை.
என் காரை விற்றால்
முன்மூடி வாங்கலாம்.

ஜூம்: இலேசு, மலிவு, நல்ல பிள்ளை.
நீள நீள வாய் குவிந்துவிடும்.
அதன் ஒன்றுவிட்ட அண்ணனோடுதான் போன கோடையில்
எல்லைக் காட்டு மறைகுடிலில் ஒன்பது இரவு கிடந்தேன்.
ஒன்பதாவதில் அஹ்மா வந்தது,
கரடியின் தோள், கீரியின் அவசரம்.
நொடியில் அறுபதில் ஒரு பங்கு திறந்தது ஷட்டர்.
அதற்குள் அதற்கு வேறு வேலை வந்துவிட்டது.
படத்தில் ஒரு பழுப்புத் தேய்ப்பு.
தங்கை ஐலி கேட்டாள்:
யார் வீட்டு சோபா இது?

முந்நூறு: உடம்பெல்லாம் கீறல்.
முன்பு வைத்திருந்தவர் ஐஸ் ஹாக்கி படமெடுத்தவராம்,
முகப்பில் ரப்பர் வட்டு பட்ட பள்ளம்.
டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன்.
பூஞ்சை இல்லை. கொஞ்சம் தூசி.
கண்ணாடிகளுக்கு நடுவே
எப்படி நுழைந்ததோ, ஓர் இமைமுடி.

வாசலில் நின்று
எதிரே மருந்தகப் பலகையைப் பிடித்தேன்.
"இருநூற்றைம்பது" என்றான் தைஸ்டோ முதுகுக்குப் பின்னால்,
பக்கத்து வீட்டு ரகசியம் சொல்வதுபோல.
அறுபது இருந்த இடத்தில் இருநூற்றைம்பது.
கிண்ணத்தைச் சுற்றிய பாம்புக்கு
செதில் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும்.
பத்து வருடமாக அந்தப் பலகையின் கீழேதான்
தபால் போடுகிறேன்.

மனம் என்னவோ நானூறைச் சுற்றியே வந்தது.
சட்டைப்பையிலிருந்து கயிறை எடுத்தேன்,
குடிலின் துளைக்குள் சுற்றி அளந்து
முடிச்சிட்ட கயிறு.
நானூறின் முகப்பைச் சுற்றியதில்
அரை விரல் பற்றவில்லை.
ஆசை முடிச்சோடு முடிந்தது.

இரண்டாயிரத்து நானூறு யூரோ, பதினாலு தவணை.
வீட்டுக் குளிர்பெட்டி
இன்னும் ஒரு வருடம் உறுமட்டும்.

ஜூன். இரவு ஒன்றரை.
சூரியன் படுத்துவிட்டு
போர்வையைச் சரியாக இழுத்துக்கொள்ளாத நேரம்.
குடிலெங்கும் மீன்தலை நாற்றம்.
அடுத்த துளையில் செக் நாட்டுப் பல் வைத்தியர்
வாய் திறந்து தூங்கினார், அதுவும் இரண்டு புள்ளி எட்டு.
எழுப்பவா வேண்டாமா என்று நினைக்கும்போதே
சதுப்புப் பஞ்சை மிதித்துக்கொண்டு அது வந்தது.
பன்னிரண்டு அடியில் நின்றது.
என் துளையை நேராகப் பார்த்தது.
அழுத்தினேன்.

வாய் அகன்றால் ஆழம் குறையும் என்று
கடையிலேயே சொல்லியிருந்தான்.
நான்தான் ஆழம் தெரிந்தே காலை விட்டேன்.

அஹ்மாவின் இடக்கண்ணுக்கு நாலு விரல் முன்னே
ஒரு கொசு.
ஆறு காலும் துல்லியம்,
மூட்டுக்கு மூட்டு மயிர்,
வயிற்றில் யாருடையதோ ரத்தம்,
பல் வைத்தியருடையதாகக்கூட இருக்கலாம்.
பின்னால் பழுப்பு மூட்டம்,
அதில் மங்கலாக இரண்டு வட்டம்.

ஐலிக்கு அனுப்பினேன்.
"சோபாமேல் கொசு" என்று பதில் வந்தது.
கூடவே, "கொசு பிரமாதம்."

எட்டுத் தவணை பாக்கி.
குடிலில்
இன்னும் மூன்று இரவு.