ரவை

ஹாகன் ரயில் நிலையத்துக்குப் பின்தெரு.
ஆயுதக் கடைக்காரர் புரூக்மான்
என் பெயரை முழுதாகச் சொல்வார்:
பேரின்பநாயகம். ஓர் எழுத்தும் சிந்தாது.
பன்னிரண்டு வருடம் காசு வண்டியில் கூட வரும் டோர்ட்டேக்கு
நான் இன்னமும் வெறும் பேரி.

கைபேசி அதிர்கிறது. வீட்டிலிருந்து இவர்.
"எங்க நிக்கிறீர்?"
"ரவை வாங்க வந்தனான்."
"நல்லது. வறுத்ததோ, வறுக்காததோ?"
பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டேன்.
கண்ணாடி மேசையில் இரண்டு பெட்டிகள்.

ஒன்று வேலைக்கு.
நீதானே வேட்டைக்காரி,
எட்டுப் பேருக்கும் நீயே பார்த்து எடு என்று
மேலாளர் தன் தலைச்சுமையை என் தலைக்கு மாற்றிவிட்டான்.
மூக்கில் குழி விழுந்த சன்னம்.
உடம்புக்குள் போனதும் இதழ் விரிக்கும்;
விரிந்த இடத்திலேயே நின்றுவிடும்.
பூவைப் போல என்று எழுத வந்த கையை
இழுத்துக்கொள்கிறேன்.
கொடியது, வேண்டாம் என்றேன் முதலில்.
புரூக்மான் கேட்டது ஒன்றுதான்:
நீ சுடும் ஆளுக்குப் பின்னால் யார் நிற்பார்கள்?

சேமிப்பு வங்கி வாசல், காலை ஒன்பதரை.
பின்னால், தள்ளுவண்டியோடு ஒரு தாய்.
பேக்கரி வரிசை.
சிவப்பு விளக்கில் மூச்சுவாங்கும் பேருந்து,
அதன் ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு முகம்.

மற்றது காட்டுக்கு.
லேனே ஆற்றுக்கு மேலே மலைச்சாலையில்
கார் அடித்துவிட்டுப் போன பன்றி
இடுப்பை இழுத்துக்கொண்டு புதருக்குள் நுழைந்துவிடும்.
இரவு இரண்டு மணிக்குப் போலீஸ் என்னை எழுப்பும்.
நாய் முன்னால், நான் பின்னால்,
நெற்றியில் ஒரு விளக்கு.
சேறும் பிசினும் அப்பிக் காய்ந்த தோல்,
அதன் கீழே கொழுப்பு, அதன் கீழே தோள்பட்டை.
இங்கே விரிகிற சன்னம் வழியிலேயே களைத்துவிடும்.
தட்டை மூக்கு, கனத்த உடம்பு,
விரியாமல் உள்ளே போகத் தெரிந்தது வேண்டும்.
பின்னால் மண் இருக்க வேண்டும்.
பாறை கூடாது. பாறை திருப்பி அனுப்பும்.

எடையைத் தானியக் கணக்கில் அச்சிட்டிருக்கிறார்கள்.
நம் தட்டாரும் நெல்லை வைத்துத்தானே பொன் நிறுத்தார்கள்.
நூற்று ஐம்பத்தெட்டு மணி:
ஒரு வாய்ச் சோற்றுக்கும் காணாது.

காட்டில் பதினேழு தடவை சுட்டிருக்கிறேன்.
தெருவில் ஒரு தடவையும் இல்லை.
காலையில் ஏற்றி மாலையில் இறக்கி
மேலே இருக்கும் அதே ஒரு ரவை
உரசித் தேய்ந்து, மயிரிழை அளவு
தன் கோதுக்குள் தானே அமிழ்ந்துபோகும்.
அடையாளத்துக்கு நகப்பூச்சு வைப்பேன், சிவப்பு.

போன கார்த்திகையில் ஒரு பொடியன்
என்னை நோக்கி ஓடிவந்தான்,
வலக்கை ஜாக்கெட்டுக்குள்.
என் உள்ளங்கை பிடியில். உறைப் பூட்டு திறந்துவிட்டது.
அவன் வெளியே எடுத்தது
என்னுடைய கையுறை.
விழுத்திட்டீங்கள் என்றான், மூச்சிரைக்க.
நன்றி சொன்னேன். அவன் போனான்.
வண்டிக்குள் டோர்ட்டே மிட்டாய் நீட்டினாள்,
உறையைப் பிரிக்க என் விரல்களுக்குத் தெரியவில்லை.

அவனுக்குப் பின்னால் யார் நின்றார்கள்?
எத்தனையோ இரவு யோசித்துவிட்டேன்.
நான் பார்க்கவேயில்லை.

இதை புரூக்மானிடம் சொல்லவில்லை.
இரண்டையும் எடுக்கிறேன் என்றேன்.
தேய்ந்த பழைய ரவையைத் திருப்பிக் கொடுத்தபோது
அந்தச் சிவப்பைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார்,
ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து
இரும்புப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டித் திரும்புகிறேன்.
அடுப்படியில் கடுகு வெடித்து ஓய்ந்துவிட்டது.
வெங்காயம் பொன்னிறத்தைத் தாண்டிக்கொண்டிருக்கிறது.
அகப்பையும் கையுமாக இவர் கேட்கிறார்:
"எங்கயப்பா ரவை?"