கேட்டலினாவில் ஐந்து மணிப் படகு

அவலானில் இறங்கும்போதே பேச்சு நின்றிருந்தது.
வரைபடம் உன்னிடம், தண்ணீர் என்னிடம்.
ஒரே பாதையில்
இருபதடி இடைவெளி விட்டு ஏறினோம்.

காய்ந்த புல், சப்பாத்திக்கள்ளி,
கீழே கண்கூசப் பசிபிக்.
மூன்றாவது வளைவில் நின்றுவிட்டாய்.
பாதையை அடைத்துப் படுத்து
அசைபோட்டுக்கொண்டிருந்தது காட்டெருமை.

நூற்றிருபத்தைந்தடி தள்ளி நில் என்றது பலகை.
எவ்வளவு நேரம் என்று போடவில்லை.

பாறையில் உட்கார்ந்து ஆரஞ்சை உரித்தாய்.
ஒன்பது சுளை.
ஐந்தை என் தொப்பியில் போட்டாய்.
படகு நம்மை விட்டுவிட்டு
லாங் பீச் பக்கம் திரும்புவதை
மேலிருந்தே பார்த்தோம்.

"அதுக்கென்ன அவசரம்" என்றாய்,
காலையிலிருந்து முதல் வாக்கியம்.
எருமையையா, படகையா,
நான் கேட்கவில்லை.

ஒரு காது மட்டும் அசைந்தது
அதற்கு.