அனாமத்து

மாதம் மூன்றாம் தேதி, முதியோர் பணம் வந்த மறுநாள்,
நொங்கோமா கிளையில் யாரோ வரிசையில் நிற்கிறார்.
முந்நூற்றைம்பது ராண்ட்.
மாணவர் எண் எழுத வேண்டிய கட்டத்தில்
'உம்ஃபானா வாமி'.
சுலுவில், என் பையன்.

எங்களிடம் பையன்கள் பதினோராயிரம்.

நான் நிதி மேலாளர்.
டர்பன் நகரத்து மேட்டில், நான்காம் மாடியில்,
குரங்கு நுழையாமலிருக்க
ஜன்னலைக் கம்பியால் கட்டிவைத்த அறை.
பணம் எண்ணுகிறேன் என்று என் தங்கை நினைக்கிறாள்.
இல்லை என்பதை எத்தனை விதமாகச் சொல்லலாம்,
அதுதான் என் வேலை.
வேதியியல் கூடத்துக் குளிர்பெட்டிக்கு இல்லை,
லிஸ்பன் மாநாட்டுக்கு இல்லை,
அப்பா இறந்துவிட்டார், பட்டச் சான்றிதழை மட்டும் கொடுங்கள் என்றவளிடம்
அந்த இல்லையைச் சொல்லாமல்
'திங்கட்கிழமை வாம்மா' என்றேன்.
வந்தாள்.

இன்னாருடையது என்று தெரியாத காசை
ஒரு கணக்கில் போட்டுவைப்போம்.
தமிழில் அதற்கு அனாமத்து என்று பேர்.
இந்தக் கட்டடத்தில் அந்தச் சொல் என் வாயில் மட்டும் இருக்கிறது.
எப்போதாவது உரக்கச் சொல்லிப் பார்ப்பேன்.
நொம்புலெலோ நிமிர்ந்து கேட்பாள்:
"தும்மினீர்களா மேடம்?"

சனிக்கிழமை விடியுமுன்
உம்கேனி ஆறு கடலில் விழும் இடத்தில், பாறைமேல் நிற்பேன்.
மத்தி மீன் துண்டு, பதினோரடித் தூண்டில், உப்புக்காற்று.
முப்பது சென்டிமீட்டருக்குக் குறைந்த ஷேட்டைத் திருப்பி விட வேண்டும்.
தலைக்கு நாளொன்றுக்கு நான்கு.
ஸ்கேல் கொண்டுபோகிறவள் நான் ஒருத்தி.
இருபத்தொன்பதரை வந்தது ஒருநாள்.
பக்கத்துப் பாறையிலிருந்து டெனிஸ் பெருமாள்:
"வாலைக் கொஞ்சம் இழு அக்கா, நீளும்."
துறைத்தலைவர்கள் இதையே
கோட்டு போட்டுக்கொண்டு சொல்கிறார்கள்.
விட்டேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் போனது.

ஆகஸ்டில் அறிவிப்பு ஒட்டினோம்:
நொங்கோமாவிலிருந்து உனக்குப் பணம் வருகிறதா?
பதினேழு பேர் வந்தார்கள்.
எவ்வளவு என்று கேட்டால் இருநூறு, ஆயிரம்,
'வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்கிறேனே'.
பதினேழாமவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.
"தொகை தெரியாது.
ஆனால் என்னை உம்ஃபானா வாமி என்றுதான் கூப்பிடுவார்."
"எல்லார் வீட்டிலும் அப்படித்தானே?"
"ஆமாம் மேடம்."
அந்த ஆமாமுக்கே கொடுத்துவிடலாம்போல் இருந்தது.
கொடுக்கவில்லை.

அக்டோபர், நவம்பர் ஷேட் பிடிக்கத் தடை.
தூண்டிலை எண்ணெய் போட்டுத் துடைத்துச் சுவரில் சாய்த்தேன்.
சனிக்கிழமைகளை என்ன செய்வதென்று தெரியாமல்
அலுவலகத்துக்கே வந்து
வங்கி வரிகளை மேலும் கீழும் உருட்டினேன்.
அக்டோபரில் முந்நூற்றுப்பத்து வந்திருந்தது.
நாற்பது குறைவு.
பஸ் கட்டணமோ, மருந்தோ,
ஏதோ வீட்டில் நடந்திருக்கிறது.
நவம்பரில் வழக்கம்போல.
டிசம்பரில் முந்நூற்றுத்தொண்ணூறு.

அந்த வரியில் கர்சர் வெகுநேரம் மினுக்கிக்கொண்டிருந்தது.
யாரும் கேட்காத பாக்கி.
எங்கோ ஒரு காலண்டரின் பின்பக்கத்தில்
எனக்கு நிகராக ஒருவர் கணக்கு வைக்கிறார்.

பிப்ரவரியில் தணிக்கைக்கு வந்த ஃபன் ஸ்டாடன்
நல்ல மனிதர், தேநீரில் மூன்று சர்க்கரை.
"முப்பத்தாறு மாதம். பன்னிரண்டாயிரத்து அறுநூறு.
கோருவாரில்லை.
வருமானத்தில் சேர்த்துவிடலாமே."
விதியும் அதைத்தான் சொல்கிறது. நான் எழுதிய விதி.
"நீளம் போதாது" என்றேன்.
அவருக்குப் புரியவில்லை.
ஒரு மாதம் தந்தார்.

நொங்கோமாவுக்கு நாலு மணி நேர ஓட்டம்.
மார்ச் மூன்று வியாழக்கிழமை.
விடுப்புப் படிவத்தில், காரணம் என்ற கட்டத்தில்
'மீன்பிடிப்பு' என்று எழுதினேன்.
வங்கி எத்தனை மணிக்குத் திறக்கும் என்று
விசாரித்துச் சொன்னவளே நொம்புலெலோதான்.
படிவத்தை வாங்கிப் படித்தாள்.
அந்த மலையூரில் கடல் ஏது என்று கேட்காமல்
பதிவேட்டில் ஏற்றினாள்.