நான்காம் கட்டம்

இந்தப் பதிவேட்டைத் திறக்குமுன்
முகக்கவசம் போட்டுக்கொள்வேன்.
எழுபத்தெட்டுச் சூறாவளி
புளியந்தீவுக் கோயில் கூரையைக் கொண்டுபோன இரவு
நனைந்த தாள். பூஞ்சணம் இன்னும் உயிரோடு.

ஞானஸ்நானம், ஆயிரத்தெண்ணூற்று நாற்பத்தொன்று.
முதற்கட்டம் பேர்.
அப்புறம் வயது, எல்லாருக்கும் 'சுமார்'.
மூன்றாவது ஊர்.
நான்காவது, யாருடைய ஆள்.

முந்திய பக்கங்களில் அது
ஒழுங்காக நிரம்பிக் கிடக்கும்:
முதலியாருடையது. கப்பித்தான் விதவையுடையது.
திடீரென்று கையெழுத்து மாறுகிறது,
இடப்பக்கம் சாயும் தடித்த எழுத்து:
எலியா கசிமிரு, போதகர்.

காப்பிரிப் பட்டாளத்தில் முரசடித்தவனின் மகன்.
எந்தக் கரையில் தகப்பனைக் கப்பலேற்றினார்கள் என்று
அவருக்கே தெரியாது.
ஒரு கடிதத்தில் 'மொசாம்பிக்' என்று எழுதி
வெட்டியிருக்கிறார்.

குஞ்சாத்தை, சுமார் பத்தொன்பது, கல்லடி.
நான்காம் கட்டத்தில்: தாய் கண்ணாத்தை.
அடுத்தவனுக்கு: தாய் பேர் தெரியாது, தேடுகிறேன்.
அதற்கடுத்தவனுக்கும் தேடுகிறேன்.

சபையார் முறைப்பாடு எழுதினார்கள்.
அதுவும் இருக்கிறது, நல்ல தாள், நல்ல தமிழ்.
அந்தக் கறுத்த கையிலிருந்து அப்பம் வாங்க
மனம் வரவில்லை என்பதை
ஏழு வரி சுற்றிச் சொல்கிறார்கள்.
மறு ஞாயிறு முன்வாங்குகள் வெறுமை.
காணிக்கை ஆறு சல்லி,
ஒரு பொட்டலம் இறால்.

சட்டம் மூன்று வருஷம் கழித்து வந்தது.
குஞ்சாத்தை அதே வீட்டில்தான் நெல் குத்தினாள்.
ஓரத்தில் பென்சிலால் அவரே எழுதுகிறார்:
'பத்திரம் இவள் கையில்.
அகப்பை இன்னும் அவர்கள் கையில்.'

கல்லறை மதிலுக்கு வெளியேயாம்.
அங்கே இப்போது ஒரு ரயர்க் கடை.

போன புதன் ஒருத்தி வந்தாள்.
பாஸ்போட்டுக்குச் சான்றிதழ். குவைத்.
ஏஜென்சிக்காரன் கொடுத்த படிவத்தை மேசையில் விரித்து
"இதுக்குள்ள என்னத்த கா எழுதுற?" என்றாள்.
கபீல் பேர்.
நான்காம் கட்டமோ என்று எண்ணிப் பார்த்தேன்.
இல்லை, ஆறாவது.

"அவன்ர பேரத்தான் எழுதணும்" என்றேன்.
வேறென்ன சொல்ல?
எழுத்துக்கூட்டி எழுதினாள், நாக்கைக் கடித்துக்கொண்டு.

சான்றிதழ் மட்டும் என் கையில் இருந்தது.
தாய் பேர் கேட்டேன். சொன்னாள்.
கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்துத்
தடிப்பாக எழுதினேன்.
மை காயவில்லை, பொறு என்பதற்குள்
மடித்துப் பைக்குள் வைத்துவிட்டாள்.
பஸ் வந்துவிட்டது.

அந்தப் பேர் இப்போது
தாளின் மற்றப் பாதியிலும் ஒட்டியிருக்கும்,
தலைகீழாக.